ரோபோ டிரைவில் லோ வோல்டேஜ் அலாரம்: ஆம்ப்ளிஃபையரைக் கழற்றும் முன்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஸ்பாட் வெல்டிங் லைனில் ஆறு அச்சு ஃபேனக் ரோபோ, ஆர்-30ஐபி கன்ட்ரோலர். ஒரு ஷிஃப்டில் இரண்டு மூன்று தடவை எஸ்ஆர்விஓ-136 என்ற லோ வோல்டேஜ் அலாரம் வருகிறது, ரீசெட் கொடுத்தால் போய்விடுகிறது. எப்போதாவது எஸ்ஆர்விஓ-047-ம் வருகிறது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் மெயின் சப்ளையும் சரி, 24 வோல்ட்டும் சரி. மோட்டார்களுக்கு மின்சாரம் தரும் சர்வோ ஆம்ப்ளிஃபையரை மாற்றியும் அலாரம் நிற்கவில்லை. அடுத்து எதை மாற்றுவது என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். நான் பார்த்தவரை, லோ வோல்டேஜ் அலாரம் வந்தால் முதலில் கழற்றப்படுவது ஆம்ப்ளிஃபையர்தான். கடைசியில் பழுது வேறு எங்கோ இருக்கும். தனக்கு வந்து சேர்ந்த வோல்டேஜ் போதவில்லை என்பதை மட்டுமே ஆம்ப்ளிஃபையரால் சொல்ல முடியும். அது எந்தக் கணத்தில் குறைந்தது என்று நாம் பிடித்துவிட்டால், எங்கே குறைந்தது என்பது பாதிக்கு மேல் தெரிந்துவிடும். ஆகவே கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அந்தக் கணத்தைப் பிடிப்பது பற்றித்தான்.

முதலில், உங்களுக்கு வரும் இரண்டும் வேறு வேறு அலாரங்கள். 136 வந்தால் மோட்டாரை ஓட்டும் டிசி லிங்க் வோல்டேஜ் குறைந்திருக்கிறது. 047 வந்தால் ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் கன்ட்ரோல் சர்க்யூட்டின் +5 வோல்ட் போன்ற சின்ன வோல்டேஜ் குறைந்திருக்கிறது. ஒன்று பெரிய கரன்ட் போகிற வழி, இன்னொன்று மூளைக்குப் போகிற வழி.

பெரிய வழியைப் பாருங்கள். வெளியிலிருந்து வரும் 400 வோல்ட் மூன்று ஃபேஸ், கேபினட்டில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் சுமார் 210 வோல்ட்டாக இறங்குகிறது. அங்கிருந்து எமர்ஜென்சி ஸ்டாப் யூனிட்டில் உள்ள கன்டாக்டர்களை (மின்வழியைத் திறந்து மூடும் ஸ்விட்சுகளை) தாண்டி ஆம்ப்ளிஃபையருக்குள் போய், ரெக்டிஃபையரில் டிசி ஆகி, பெரிய கெபாசிட்டர்களில் நிற்கிறது. இதுதான் டிசி லிங்க். 210 வோல்ட் மூன்று ஃபேஸுக்கு உச்சம் 1.414 மடங்கு, அதாவது 297 வோல்ட். லோடு ஏறியதும் சராசரி 1.35 மடங்காக, 283 வோல்ட் வாக்கில் நிற்கும். சின்ன வழி அதே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பிரிந்து, பவர் சப்ளை யூனிட்டில் 24 வோல்ட்டாகி, ஆம்ப்ளிஃபையருக்குள் 5, 3.3 வோல்ட்டாக மாறுகிறது. கன்டாக்டர்கள் சின்ன வழியில் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே உதவும்.

டீச் பெண்டன்ட்டில் (ரோபோவை இயக்கும் கைப்பெட்டியில்) அலாரம் ஹிஸ்டரியைத் திறந்து, கடைசி இருபது அலாரங்களின் நேரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். கன்ட்ரோலரின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று அதற்கு முன் பாருங்கள். 136-ம் 047-ம் ஒரே நொடியில் சேர்ந்து வந்திருந்தால், இரண்டு வழியும் பிரிவதற்கு முன்னால்தான் கோளாறு: வரும் சப்ளை, பிரேக்கர், டிரான்ஸ்ஃபார்மர், இவற்றின் இணைப்புகள். 136 மட்டும் தனியாக வந்தால் பிரிந்த பிறகு உள்ள பெரிய வழியையும் சேர்த்துச் சந்தேகப்பட வேண்டும், முக்கியமாகக் கன்டாக்டரை. 047 மட்டும் தனியாக, அதுவும் ரோபோ சும்மா நிற்கும்போது வந்தால், அது இன்னொரு கோளாறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு நாள்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அளக்கப் போகும் முன் ஒரு விஷயம். இதைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். மெயினை ஆஃப் செய்த பிறகும் டிசி லிங்க் கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவுக்கு வோல்டேஜ் இருக்கும். ஃபேனக் ஆறு அச்சு ஆம்ப்ளிஃபையரில் டி7 என்ற சிவப்பு எல்இடி அதற்காகவே இருக்கிறது. அது அணைந்தாலும் போதாது. அதற்கு மேலே இருக்கும் திருகுகளில் டிசி வோல்டேஜை அளந்து, 50 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது என்று கண்ணால் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து டிஸ்சார்ஜ் செய்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பொறியில் உலோகம் உருகித் தெறிக்கும், முகம் அதற்கு நேராக இருக்கும். லைவ்வாக அளக்க வேண்டியவற்றை, அதற்கான அனுமதியும் பயிற்சியும் உள்ளவர், கேட் III (CAT III) பாதுகாப்பு மதிப்பீடு உள்ள மீட்டரும் புரோபும் வைத்துத்தான் அளக்க வேண்டும். ஆசிலோஸ்கோப் பயன்படுத்துவதாக இருந்தால் டிஃபரன்ஷியல் புரோப் கட்டாயம். சாதாரண புரோபின் எர்த் கிளிப்பை டிசி லிங்க்கில் மாட்டினால் ஸ்கோப்பும் போகும், ஆளுக்கும் ஆபத்து.

சரி, இப்போது 136 எப்போது வருகிறது என்று பார்ப்போம்.

ரீசெட் கொடுத்து கன்டாக்டர் இழுத்த உடனேயே வருகிறதென்றால், கெபாசிட்டர் சார்ஜ் ஆகவே இல்லை என்று பொருள். ஃபேஸ் வரவில்லை, அல்லது கன்டாக்டர் முழுதாக மூடவில்லை, அல்லது ப்ரீசார்ஜ் ரெசிஸ்டர் திறந்துபோயிருக்கிறது. காலி கெபாசிட்டர் முதல் கணத்தில் ஷார்ட் போலக் கரன்ட் இழுக்கும் என்பதால், டிரைவ்களில் முதலில் ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சார்ஜ் செய்துவிட்டு அப்புறம் அதை ஓரங்கட்டுவார்கள். அந்த ரெசிஸ்டர் எப்போதாவது ஒரு தடவை சூடாவதற்காக வடிவமைத்தது. அலாரம் போகவில்லை என்று பொறுமையிழந்து பத்து செகண்டுக்கு ஒரு தடவை எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்தி ரீசெட் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது வெந்துபோகும். இந்த வகைக் கோளாறு நிரந்தரமாக நிற்கும், அதனால் கண்டுபிடிப்பதும் சுலபம். உங்களுடையது இது இல்லை. உங்கள் ரோபோ ரீசெட் ஆனதும் ஓடுகிறதே.

ரோபோ வேகமெடுக்கும்போது மட்டும் வருகிறதென்றால் கதை வேறு. மல்டிமீட்டர் நம்மை ஏமாற்றுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மூன்று ஃபேஸில் ஒன்று வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி இரண்டு ஃபேஸுக்கு இடையே முழு லைன் வோல்டேஜ் இருக்கிறது. ரோபோ சும்மா நிற்கும்போது கெபாசிட்டரிலிருந்து யாரும் பெரிதாக எடுப்பதில்லை, அதனால் அது இரண்டு ஃபேஸை வைத்தே உச்சம் வரை, 297 வோல்ட் வாக்கில், சார்ஜ் ஆகி நிற்கும். மீட்டர் வைத்தால் எல்லாம் சரி. ரோபோ கையை வீசத் தொடங்கியதும்தான் வித்தியாசம் தெரியும். மூன்று ஃபேஸும் இருந்தால் 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் கெபாசிட்டருக்கு ஒரு விநாடியில் 300 தடவை, அதாவது 3.3 மில்லி விநாடிக்கு ஒரு முறை நிரப்பு கிடைக்கும். ஒரு ஃபேஸ் போனால் 100 தடவைதான், 10 மில்லி விநாடிக்கு ஒரு முறை. அந்த இடைவெளியில் மோட்டார்கள் கெபாசிட்டரைக் காலி செய்துவிடும். நின்றால் சரி, மெதுவாக ஓடினால் சரி, முழு வேகத்தில் அலாரம் என்கிற கோளாறுகளில் பல இந்த வகைதான். டி1 என்ற மெதுவேக மோடில் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, கோளாறே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

ஃபேஸ் இழப்பைக் கண்டுபிடிக்கும்போதும் ஒரு பொறி இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரி டெல்டாவாக இருந்தால், ஃபியூஸ் போன ஃபேஸின் முனை மற்ற இரண்டுக்கும் நடுவில் மிதக்கும். ஃபியூஸுக்கு அந்தப் பக்கம் எர்த்துக்கு அளந்தால் வோல்டேஜ் இருப்பது போலவே காட்டும். அதே ஃபீடரில் வேறு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் லைனுக்கு லைன் அளந்தாலும் கிட்டத்தட்ட முழு வோல்டேஜ் காட்டிவிடும். எனவே ஃபியூஸின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே அளவுங்கள். நல்ல ஃபியூஸ் என்றால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும். போன ஃபியூஸ், முனை மிதக்கிற நிலையில், 400 வோல்ட் லைனில் 340 வோல்ட்டுக்கு மேல் காட்டும். இன்னும் நம்பகமான வழி, ரோபோ முழு வேகத்தில் ஓடும்போது மூன்று ஃபேஸிலும் கிளாம்ப் மீட்டர் போட்டுக் கரன்ட் பார்ப்பது. மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக ஏறி இறங்க வேண்டும். ஒன்று படுத்தே இருந்தால் அந்த வழியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போகலாம்.

ஃபேஸ் முழுதாகப் போகாமல் விட்டுவிட்டுப் போவதும் உண்டு. லூஸ் கனெக்ஷன், தேய்ந்த கன்டாக்டர், பிரேக்கரின் உள்முனை ஆகியவை இதற்குக் காரணம். ஒரு கன்டாக்ட் முனையில் 50 மில்லி ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். 20 ஆம்பியர் போகும்போது அங்கே விழுவது 1 வோல்ட்தான். அந்த 1 வோல்ட் அலாரத்தைக் கொண்டுவராது. ஆனால் அந்தச் சின்ன முனையில் 20 வாட் சூடு உருவாகிறது. சூட்டில் உலோகம் கருத்து, ஸ்பிரிங் தளர்ந்து, தடை இன்னும் ஏறி, ஒருநாள் அதிர்வில் ஒரு கணம் திறந்து மூடும். அலாரம் வருவது அப்போதுதான். அதனால் வோல்டேஜ் அளப்பதைவிடச் சூட்டைப் பார்ப்பது பல மாதங்கள் முன்னதாகவே காட்டிக்கொடுக்கும். தெர்மல் கேமரா இருந்தால் லைன் முழு உற்பத்தியில் ஓடும்போது மெயின் பிரேக்கர், டிரான்ஸ்ஃபார்மர் டெர்மினல், கன்டாக்டர் மூன்றையும் பாருங்கள். மூன்று ஃபேஸில் ஒன்று மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அதுதான். கேமரா இல்லையென்றால், மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, டிஸ்சார்ஜ் உறுதியான பிறகு இன்சுலேஷன் நிறம் மாறியிருக்கிறதா, லக் (கேபிள் நுனியில் மாட்டும் உலோக முனை) கருத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டெர்மினல்களை டார்க் ரென்ச்சால் குறிப்பிட்ட அளவுக்கு இறுக்குங்கள். நம் ஊர்த் தொழிற்சாலைகளில் ஃபீடர் கேபிள் அலுமினியமாக இருப்பது வழக்கம். அதைச் செம்பு பஸ்பாரில் சாதாரண லக் வைத்து இணைத்திருந்தால், பைமெட்டல் லக் இல்லையென்றால், அந்த இடம் கட்டாயம் ஒருநாள் தகராறு செய்யும்.

ரோபோவின் எமர்ஜென்சி ஸ்டாப் கன்டாக்டர்களுக்கு இன்னொரு கஷ்டம். ரோபோ ஓடிக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்து நிறுத்துகிற லைன்களில், ஸ்டாப் அமைப்பைப் பொறுத்து அவை லோடோடு திறக்கக்கூடும். ஆபரேட்டர்கள் சைக்கிள் ஸ்டாப் கொடுக்காமல் கதவைத் திறந்து நிறுத்துவது பழக்கமாகிவிட்ட இடங்களில் கன்டாக்ட் சீக்கிரம் தேயலாம். அந்தப் பழக்கம் இருக்கிறதா என்று லைன் ஆட்களிடம் கேளுங்கள். திட்டுவதற்காகக் கேட்கிறோம் என்று தோன்றாதபடி கேட்டால் உண்மை வரும்.

இனி, அலாரம் ரோபோவின் அசைவோடு சேராமல், வெளியே நடக்கும் ஏதோ ஒன்றோடு சேர்கிறதென்றால் அது வோல்டேஜ் டிப், அதாவது வரும் சப்ளை ஒரு கணம் தாழ்வது. உங்கள் லைன் ஸ்பாட் வெல்டிங் என்பதால் எனக்கு முதல் சந்தேகம் இங்கேதான். பழைய வகை ஏசி வெல்டிங் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு ஃபேஸுக்கு நடுவில் மாட்டியிருக்கும். ஒரு ஸ்பாட்டுக்குப் பத்து இருபது சைக்கிள், அதாவது 200 முதல் 400 மில்லி விநாடி வரை, அந்த இரண்டு ஃபேஸையும் பிடித்து இழுக்கும். 1000 ஹெர்ட்ஸ் இன்வெர்ட்டர் வகை வெல்டிங் கன்கள் மூன்று ஃபேஸிலிருந்தும் சமமாக எடுப்பதால் தொந்தரவு குறைவு. பக்கத்தில் கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆவது, பவர் ஃபேக்டர் பேனலில் கெபாசிட்டர் ஸ்விட்ச் ஆவது, ஈபி-யிலிருந்து டீசல் ஜெனரேட்டருக்கு மாறுவது ஆகியவற்றையும் நேரத்தோடு ஒப்பிட வேண்டும்.

இவ்வளவு குறைந்த நேர டிப் எப்படி ஒரு பெரிய கெபாசிட்டரைத் தாண்டி வருகிறது என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 4000 மைக்ரோஃபாராட் கெபாசிட்டர் 290 வோல்ட்டில் நிற்கிறது, 200 வோல்ட்டில் அலாரம் என்று எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். இடையில் அது தரக்கூடிய ஆற்றல் சுமார் 88 ஜூல். ரோபோ அந்தச் சமயத்தில் 5 கிலோவாட் இழுத்துக்கொண்டிருந்தால் 18 மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும். ஒரு சைக்கிள் 20 மில்லி விநாடி. சப்ளை ஒரே ஒரு சைக்கிள் முழுதாகப் போனால்கூட, ரோபோ வேகமெடுக்கும் நேரமாக இருந்தால் அலாரம்; நிற்கும் நேரமாக இருந்தால் ஒன்றுமே நடக்காது. அதனால்தான் உங்களுக்கு ஷிஃப்டுக்கு இரண்டு மூன்று தடவை மட்டும் வருகிறது. டிப் அதைவிடப் பல தடவை வந்திருக்கும். வேகமெடுப்பும் டிப்பும் ஒன்றாக விழுந்தபோது மட்டும் மாட்டியிருக்கும்.

சாதாரண மல்டிமீட்டரில் மின்-மேக்ஸ் (மிகக் குறைந்த, மிக அதிக அளவைப் பதியும் மோடு) வைத்தாலும் இது தெரியாது. அது 100 மில்லி விநாடி அளவில்தான் பதிவு செய்யும். ஃப்ளூக் 87-வி போன்ற மீட்டரில் 250 மைக்ரோ விநாடி வரை பிடிக்கும் பீக் மோடு இருக்கிறது, அது உதவும். ஆனால் உண்மையில் வேண்டியது பவர் குவாலிட்டி அனலைசர். வாடகைக்குக் கிடைக்கும். கன்ட்ரோலரின் உள்வரும் டெர்மினலில் மாட்டி, பெயரளவு வோல்டேஜில் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் பதிவு செய் என்று வைத்து, ஒரு வாரம் விட்டுவிடுங்கள். அதன் கடிகாரத்தையும் கன்ட்ரோலரின் கடிகாரத்தையும் முதல்நாளே ஒன்றாக்குங்கள். இதை மறந்துவிட்டு ஒரு வாரப் பதிவை வீணாக்குவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு லைனில் ஆறு ரோபோ, எல்லாம் ஒரே மாடல், ஒரே பஸ்பாரிலிருந்து சப்ளை. ஒன்றில் மட்டும் டிசி லிங்க் அலாரம். ஆம்ப்ளிஃபையர் மாற்றியாகிவிட்டது, கேபிள் மாற்றியாகிவிட்டது. அனலைசர் மாட்டிப் பார்த்தால் வெல்டிங் டிப் தெளிவாகத் தெரிகிறது, ஆனால் அது ஆறு ரோபோவுக்கும் ஒன்றாகத்தானே வருகிறது, மற்ற ஐந்தும் ஏன் தாங்குகின்றன என்று யாருக்கும் புரியவில்லை. மூன்றாவது நாள்தான் டிரான்ஸ்ஃபார்மரின் டேப்பை, அதாவது வரும் வோல்டேஜுக்கு ஏற்ப வயரை மாட்டும் முனையை, பார்த்தோம். மற்ற ஐந்திலும் 400 வோல்ட்டுக்கு ஏற்ற டேப். இந்த ஒன்று வேறொரு ஆலையிலிருந்து மாற்றிக் கொண்டுவந்தது, டேப் 440-ல் இருந்தது. 400 வோல்ட் சப்ளையை 440 டேப்பில் கொடுத்தால், 210 வர வேண்டிய இடத்தில் 191 வோல்ட்தான் வரும். டிசி லிங்க் 283-க்குப் பதிலாக 258. அது ஓடுவதற்குப் போதும், அதனால் கமிஷனிங்கில் யாரும் கவனிக்கவில்லை. 15 சதவீத டிப் வந்தபோது மற்றவை 241-க்கு இறங்கித் தப்பித்தன, இது 219-க்கு இறங்கியது. டேப்பை மாற்ற அரை மணி நேரம் ஆயிற்று. அதற்கு முன் மூன்று வாரம் அந்த மெயின்டனன்ஸ் பையன்கள் தூங்கவில்லை. உங்கள் ரோபோ எங்கிருந்து வந்தது, டேப் எதில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். சப்ளையை ஒருநாள் முழுக்க அளந்து, அதன் சராசரிக்கு ஏற்ற டேப்பைத் தேர்ந்தெடுங்கள். இரவில் லோடு குறைந்து வோல்டேஜ் ஏறும் என்பதால் மேல் எல்லையையும் பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் போனால் எஸ்ஆர்விஓ-044, டிசி லிங்க் அதிக வோல்டேஜ் அலாரம் வரும்.

டிப்தான் காரணம் என்று தெரிந்தால், உடனே ஒரு சர்வோ ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்வார்கள். அது மெதுவான ஏற்ற இறக்கத்துக்கு நல்லது. ஆனால் அதற்குள் ஒரு மோட்டார் சுழன்று வேரியாக்கை (வோல்டேஜை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்ஃபார்மரை) நகர்த்துகிறது. விநாடிக்குச் சில பத்து வோல்ட்தான் திருத்தும். 200 மில்லி விநாடி டிப்பை அது உணர்ந்து நகர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். வெல்டிங்கையும் ரோபோவையும் தனித்தனி டிரான்ஸ்ஃபார்மருக்கு, முடியாவிட்டால் தனித்தனி ஃபீடருக்குப் பிரிப்பதுதான் சரியான தீர்வு. அதற்குப் பணம் ஒதுக்க நாளாகும் என்றால், இடைக்காலத்தில் புரோகிராமில் கை வைக்கலாம்: ரோபோவும் கூடுதல் அச்சும் ஒரே நேரத்தில் வேகமெடுக்காதபடி பிரிப்பது, பாரம் தூக்கும் அசைவில் ஆக்சிலரேஷனைக் கொஞ்சம் குறைப்பது. சைக்கிள் டைமில் சில பத்தில் ஒரு பங்கு விநாடி போகும், ஆனால் பிரேக்டவுன் நிற்கும். முழு ரோபோவுக்கும் யுபிஎஸ் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உச்சக் கரன்ட்டுக்குத் தகுந்த அளவில் வாங்கினால் விலை எகிறும்.

இனி 047. இது 24 வோல்ட்டிலிருந்து கீழே இறங்குகிற வழி. ஆம்ப்ளிஃபையரில் பி5, பி3.3 என்ற பச்சை எல்இடிகள் எரிகின்றனவா என்று முதலில் பாருங்கள். எரியவில்லை என்றால் எஃப்எஸ்1 ஃபியூஸ். ஆம்ப்ளிஃபையரின் கன்ட்ரோல் சப்ளை வழியைக் காப்பது அது. எஃப்எஸ்2, கையின் நுனியில் இருக்கும் கிரிப்பர் போன்றவற்றுக்குப் போகும் 24 வோல்ட்டைக் காக்கிறது. அது போனால் எஸ்ஆர்விஓ-214 என்று தனியாகவே அலாரம் வரும். எஃப்எஸ்2 போயிருந்தால், புதிதைப் போடும் முன் கிரிப்பர் கேபிளை எர்த்துக்கு ஷார்ட் பாருங்கள். குறிப்பாக மணிக்கட்டுப் பகுதியில் வளைந்து வளைந்து இன்சுலேஷன் கிழிந்திருக்கும். ரோபோ ஒரு குறிப்பிட்ட நிலைக்கு வரும்போது மட்டும் 24 வோல்ட் துள்ளுகிறது என்றால் கேபிள்தான். வேறு எங்கேயும் தேட வேண்டாம்.

ஃபியூஸ் நன்றாக இருந்து, விட்டுவிட்டு வருகிறதென்றால் பவர் சப்ளை யூனிட்டின் வயதைப் பாருங்கள். அதற்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள், வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் பயன்படுத்தும் கணக்கு. கேபினட் ஃபேனில் வெல்டிங் தூசி அடைத்திருந்தால் அந்தக் கணக்கு வேகமாக ஓடும். கெபாசிட்டர் காய்ந்துபோன சப்ளையை டிசியில் அளந்தால் 24.1 என்று அழகாகக் காட்டும், ஆனால் அதன் மேல் ரிப்பிள் அலை ஏறியிருக்கும். மீட்டரை ஏசிக்கு மாற்றி, அதே முனைகளில் அளந்து பாருங்கள். பக்கத்து நல்ல ரோபோவிலும் அதையே அளந்து ஒப்பிடுங்கள். இரண்டு மடங்கு மூன்று மடங்கு வித்தியாசம் இருந்தால் யூனிட்டை மாற்றலாம். மாற்றச் சொல்லி இந்தப் பதிலில் நான் தயங்காமல் எழுதுகிற ஒரே பொருள் அதுதான்.

24 வோல்ட்டைச் சப்ளையின் முனையில் மட்டும் அளந்துவிட்டு விட்டுவிடாதீர்கள். லோடு இருக்கும் முனையிலும் அளவுங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 12 மில்லி ஓம். 20 மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு லோடுக்குப் போக 20, வர 20 என்று 40 மீட்டர், கிட்டத்தட்ட அரை ஓம். 5 ஆம்பியர் போனால் 2.4 வோல்ட் வழியிலேயே போய்விடும், 21.6 தான் போய்ச் சேரும். பிஎல்சி போன்றவற்றுக்கு ஐஇசி 61131-2 தரும் எல்லை 20.4 முதல் 28.8 வரை என்பதால் அது பிழைத்துவிடும். ஆனால் 24 வோல்ட் பிரேக் உள்ள ரோபோக்களில் இதுவே பெரிய தொல்லை. பிரேக் காயில் திறந்து நிற்பதைவிட, முதலில் இழுத்துத் திறப்பதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். போதாத வோல்டேஜில் பிரேக் பாதி திறந்து உரசும், மோட்டார் அதை இழுத்துக்கொண்டு ஓடும், கரன்ட் ஏறும், ஓவர்லோடு அலாரம் வரும். மோட்டாரை மாற்றுவார்கள், கியர்பாக்ஸைச் சந்தேகப்படுவார்கள். அளக்க வேண்டியதோ பிரேக் திறக்கும் கணத்தில் அதன் முனையில் இருக்கும் வோல்டேஜ்.

வேறு பிராண்டு ரோபோவையும் நீங்கள் பார்ப்பதாக எழுதியிருந்ததால் ஒன்று: குக்கா கேஆர்சி4 கேபினட்டில் இந்தச் சப்ளை 27 வோல்ட் வாக்கில் இருக்க வேண்டும். அங்கே 24 இருக்கிறது என்று திருப்திப்பட்டால் தவறு. மெயின் போனதும் கன்ட்ரோலர் ஒழுங்காக மூடிக்கொள்ள அதில் பேட்டரிகளும் இருக்கின்றன. அவை செத்திருந்தால் ஒவ்வொரு டிப்பும் கூடுதல் தொல்லை தரும்.

ஃபேனக்கில் என்கோடர் பேட்டரியையும் (அச்சுகளின் நிலையை நினைவில் வைக்க உதவுவது) இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். எஸ்ஆர்விஓ-065 வந்தால் ரோபோ அடிப்பாகத்தில் இருக்கும் பேட்டரி இறங்குகிறது. கன்ட்ரோலர் ஆனில், எமர்ஜென்சி ஸ்டாப் அழுத்தியபடி, பேட்டரியை மாற்றுங்கள். ஆஃப் செய்துவிட்டுக் கழற்றினால் எஸ்ஆர்விஓ-062 வந்து மாஸ்டரிங் (அச்சுகளின் ஆதார நிலைப் பதிவு) போய்விடும், அப்புறம் ஒரு ஷிஃப்ட் முழுக்க அதற்கே சரியாகிவிடும்.

உங்கள் கேஸுக்கு வருகிறேன். ஆம்ப்ளிஃபையர் மாற்றியும் நிற்கவில்லை, வெல்டிங் லைன், இரண்டு அலாரமும் வருகின்றன, ரீசெட்டில் போய்விடுகிறது. இரண்டும் ஒரே நொடியில் என்று ஹிஸ்டரி சொன்னால், டிரான்ஸ்ஃபார்மர் டேப்பும் உள்வரும் இணைப்புகளும்தான் முதல் வேலை, அனலைசர் அடுத்தது. 136 தனியாக, 047 வேறு நேரத்தில் என்றால், முதலாவதுக்குக் கன்டாக்டரின் மூன்று முனைகளையும், இரண்டாவதுக்குப் பவர் சப்ளை யூனிட்டின் ரிப்பிளையும் பாருங்கள். கழற்றிய பழைய ஆம்ப்ளிஃபையரைப் பழுது என்று ஸ்கிராப்புக்கு அனுப்பிவிடாதீர்கள். பெரும்பாலும் அது நல்லதாகவே இருக்கும், ஒரு சீட்டு எழுதிக் கட்டி ஸ்டோரில் வையுங்கள். அந்த இருபது அலாரங்களின் நேரத்தையும், ஒவ்வொன்றின்போதும் ரோபோ புரோகிராமின் எந்த வரியில் இருந்தது என்பதையும், டேப் எதில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். அதைப் பார்த்து அடுத்ததைச் சொல்கிறேன்.